14 பேரில் நான் மட்டும் கணக்கில் இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 39 வயது. சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். கணவரின் வேலை மாற்றலால் 2 வருடத்துக்கு முன் காரைக்குடிக்கு வந்தோம். பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி தன் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். அங்கே ஒன்றரை வருடமாகப் பேக்கிங்கும் கணக்கும் பார்க்கிறேன். என்னையும் சேர்த்து 14 பெண்கள். அடுப்பு வேலையெல்லாம் வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டில், என் மேஜை முன்னால் பட்டாலைக் கூடத்தில். மற்ற 13 பேரும் ஒருவருக்கொருவர் மதினி, சின்னாத்தா, அயித்தை என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் 'கணக்கம்மா'. நான் 'சரீங்க' என்று இழுத்துப் பேசுவதை ஒருத்தி நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவிடுவேன்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் போன மாதம் எங்களில் ஒருவர் மகளுக்குச் சடங்கு. ஆளுக்கு 300 ரூபாய் போட்டு ஒரு பட்டுப்பாவாடையும் குத்துவிளக்கும் வாங்கினார்கள். என்னிடம் கேட்கவேயில்லை. பிறகு தெரிந்து கேட்டபோது, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்" என்றார்கள். அன்று இரவு 3 மணி வரை தூக்கம் வரவில்லை. இப்போதெல்லாம் வாரத்தில் 2 நாளாவது அப்படித்தான். திங்கட்கிழமை காலையானால் தலைவலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணச் சீருக்கு 25 கிலோ மனகோலம் (வெல்லப்பாகில் புரட்டும் செட்டிநாட்டு இனிப்பு) ஆர்டர். பாகு பதம் வருவதற்கு முன்பே இறக்கிவிட்டார்கள். டப்பாவில் அடைக்கும்போதே எனக்குக் கையில் ஒட்டியது. நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டிகட்டியாகத் திரும்பி வந்தது. "பாகு இறக்குனது யாரு?" என்று ஆச்சி கேட்ட கேள்வியில் இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. வேலையும் மந்தமாகிவிட்டது. எல்லோரையும் வேனில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி கூட்டிப்போய் வந்தால் சரியாகிவிடும் என்கிறார் ஆச்சி. சரியாகுமா? அல்லது நான் வேலையை விட்டுவிடுவதுதான் நல்லதா?

— பெயர் வேண்டாம், காரைக்குடி

அன்புச் சகோதரிக்கு,

வேலையை இப்போது விட வேண்டாம். வேன் பயணம் போகலாம், ஆனால் அது மட்டும் எதையும் சரிசெய்யாது.

உங்கள் கடிதத்தில் கேலிப் பேச்சைவிட அந்த 300 ரூபாய்தான் முக்கியம். நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்கு ஒரு சொல் இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. புள்ளி என்றால் வரி உண்டு. வரி கொடுப்பவருக்குக் கோயில் காரியத்தில் பங்கும் உண்டு. உளவியலில் சேர்ந்திருக்கும் உணர்வு என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது ஏறக்குறைய இதைத்தான். நம்மிடம் ஒன்றைக் கேட்கிறார்கள், நாம் வராவிட்டால் அது தெரிகிறது. அந்த வீட்டில் உங்களுக்கு மரியாதை கிடைக்கிறது, சம்பளம் கிடைக்கிறது. வரி மட்டும் கேட்கப்படவில்லை. அதனால்தான் வலிக்கிறது. நீங்கள் அற்பமானவர் என்பதால் அல்ல.

இந்த வலியைப் பற்றிக் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறியும் ஒரு விளையாட்டு. சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தே போடமாட்டார்கள். முகம் தெரியாதவர்கள், பணமும் இல்லை, பரிசும் இல்லை. அப்படியிருந்தும் விளையாடியவர்களின் மனநிலையும் தன்மதிப்பும் சில நிமிடங்களிலேயே இறங்கின. எதிரில் ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லி ஆடவைத்தபோதும் இறங்கின. கணினி பந்து போடாததற்கே மனசு இப்படி வாடுமென்றால், தினம் 8 மணி நேரம் கூட இருப்பவர்கள் சடங்குக்குக் காசு கேட்காமல் விட்டதற்கு ஓர் இரவு தூங்காததில் வியப்பில்லை.

அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல் 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை ஓவிய ரசனை என்று ஒரு பெயருக்கு இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒருவருக்கொருவர் பகையில்லை, யார் எந்தக் குழு என்று முகம்கூடத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குத்தான் கூடுதலாக ஒதுக்கினார்கள். அங்கேயே அப்படியென்றால், முறைசொல்லி அழைக்கும் உறவும் ஒரே ஊரும் ஒரே அடுப்பும் சேர்ந்த இடத்தில் கோடு தானாக விழும். "எதுக்குச் சிரமம்" என்றது பெரும்பாலும் பொய்யல்ல. 'இவர் மாற்றலில் வந்தவர், மாற்றலில் போய்விடுவார், இவருக்கு மொய் செய்தால் எப்போது திரும்பச் செய்வது' என்ற பழக்கக் கணக்கு அது.

இனி செய்ய வேண்டியது. முதலில் மேஜை. பட்டாலையில் தனியாக உட்கார்ந்து 13 பேரோடு நெருங்க முடியாது. நெருக்கம் பெரும்பாலும் வேலைக்கு நடுவே விழும் துண்டுப் பேச்சில்தான் வளர்கிறது: 'அந்தக் கரண்டிய எடு', 'பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா'. ஆச்சியிடம் கேட்டு, காலை முதல் ஒரு மணி நேரம் டப்பா துடைப்பது, லேபிள் ஒட்டுவது போன்ற வேலைகளை இரண்டாங்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதப் பட்டாலைக்குத் திரும்பிவிடலாம். எண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாது என்றால் தூண் ஓரமாக உட்காருங்கள். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். இரண்டு நாள் போய் மூன்று நாள் போகாமலிருந்தால் பலன் இல்லை.

இரண்டாவது, கொடுப்பதற்கு முன் கேளுங்கள். இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒதுக்கப்படுவதாகத் தோன்றியதும் வீட்டிலிருந்து எல்லோருக்கும் தின்பண்டம் கொண்டுபோவது, அவசரத்துக்கு 2,000 ரூபாய் கைமாற்றுக் கொடுப்பது. தின்பண்டம் உங்களை விருந்தாளியாகவே வைத்திருக்கும். கைமாற்று உங்களை வாங்கியவரிடமிருந்து இன்னும் தள்ளிவைக்கும். வாரத்துக்கு ஒரு சின்ன உதவி கேளுங்கள், அவர்கள் கைத்திறமை சம்பந்தப்பட்டதாக. 'மதினி, மனகோலப் பாகு பதம் எப்படிப் பார்ப்பீங்க, எனக்குக் காட்டுங்க' என்று. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும் என்று அவர் காட்டித் தருவார். கற்றுக்கொடுத்தவருக்கு உங்கள்மேல் ஒரு பாத்தியதை வருகிறது. 'மதினி' என்ற சொல்லையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் சிரிப்பார்கள், விடாதீர்கள்.

கேலியைப் பற்றி ஒன்று. வாரம் ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம், அதுவும் ஒருவகையில் உள்ளே இழுப்பதுதான். தினமும் நடந்தால், நடித்துக் காட்டுபவரிடம் தனியே, கூட்டத்தில் அல்ல, 'இது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு' என்று ஒரே வரியில் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பதால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் காத்திருக்காமல், 'எதுக்குப் போட்டாலும் என் பேரையும் எழுதுங்க' என்று காசு பிரிப்பவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கூசுகிறதா? ஒரு தடவைதான் கூசும். ஆனால் எல்லாக் கதவும் திறக்காது என்பதையும் தெரிந்து வையுங்கள். பங்காளி முறை, குலதெய்வக் கோயில், சாதிக்குள் நடக்கும் காரியங்கள், இவை உங்களுக்கானவை அல்ல. அங்கே தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுமில்லை. வேலை செய்யும் இடம் வேறு. அங்கே இடம் கேட்பது உரிமை.

இதோடு, முழு எடையையும் ஒரே குழுவின்மேல் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஓய்வுபெற்றவர்களை 6 வருடம் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஓய்வுக்கு முன் 2 குழுக்களில் இருந்தவர்களில், இரண்டையும் விடாதவர்கள் அந்த 6 வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை இழந்தவர்களுக்கு 5, இரண்டையும் இழந்தவர்களுக்கு 12. குழுவில் சேர்ந்தால் ஆயுள் கெட்டி என்று இதை வாசித்துவிடக் கூடாது, உடம்பு முடியாதவர்கள் குழுவை விட்டு விலகுவதும் உண்டு. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது. உங்களுக்குப் பொருந்துவது இதுதான்: ஊர் மாறியதில் நீங்கள் எத்தனை குழுக்களை ஒரே நாளில் இழந்தீர்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். ஒரு முழுத்தாளின் நடுவே உங்கள் பெயர். சுற்றிலும் பெருந்துறையில் இருந்தவை, இப்போது இருப்பவை எல்லாம் வட்டங்களாக: அம்மா வீடு, பழைய தெரு, சீட்டுக்குழு, பள்ளித் தோழிகள், பலகாரக்கூடம். ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள்: உங்களுக்கு எவ்வளவு முக்கியம் (10-க்கு), மாதத்தில் எத்தனை நாள் தொடர்பு, அங்கே நீங்கள் நீங்களாக இருப்பது எவ்வளவு (10-க்கு). முதல் எண் 8, இரண்டாவது எண் 0 என்று ஒரு வட்டம் கிடைத்தால், புதிதாக எதையும் தேடுவதற்கு முன் அதைத் தட்டி எழுப்புங்கள். ஞாயிறு இரவு 20 நிமிடத் தொலைபேசி போதும்.

காரைக்குடியிலும் ஒன்று தேடுங்கள். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிற ஊர் அது. இலக்கிய ஆர்வம் இருந்தால் போகலாம். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவது இதற்குப் போதாது. பத்துப் பன்னிரண்டு பேர், குறித்த நாள், உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கும் இடமாகப் பாருங்கள். கோயிலில் பூக்கட்டும் குழு, பிள்ளைகள் இருந்தால் பள்ளியின் பெற்றோர் குழு, தெரு மகளிர் சுயஉதவிக் குழு. சுயஉதவிக் குழுவை நான் கூடுதலாகவே சொல்வேன். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிச் செலுத்துதல், சரியான பதிவேடு என்ற அதன் பஞ்சசூத்திரம் கடன் ஒழுங்குக்காக வந்ததுதான். ஆனால் வாரம் ஒரு நாள் பெயர் கூப்பிட்டு, வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் பழக்கம் மனசுக்கும் மருந்து. கணக்குத் தெரிந்தவரை அங்கே விடவே மாட்டார்கள்.

இப்போது மனகோலம். கை ஒட்டியும் நீங்கள் பேசாமல் இருந்தது தப்புதான், அதை மழுப்ப விரும்பவில்லை. ஆனால் ஏன் பேசவில்லை? அது உங்கள் மனகோலமாகத் தெரியவில்லை. இறக்கியவருக்கும் பதம் போதாது என்று தெரிந்திருக்கும். அவர் பேசாததற்குக் காரணம் பயம். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை அணிகளை ஆராயப் போனபோது, நல்ல அணிகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அவற்றில்தான் அதிகம் இருந்தன. அவர் பிறகு கண்டது, அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, மறைக்காமல் சொன்னார்கள் என்பது. ஆகவே, ஆச்சி கேட்ட 'யாரு?' என்ற கேள்வியை மாற்ற வேண்டும். 'எந்த நேரத்துல மாறுச்சு?' என்று கேட்டால் அடுப்பு அவிந்ததா, வெல்லம் ஈரமாக வந்ததா, அவசரமா என்று விஷயம் வெளியே வரும்.

இந்தக் கடிதத்தை ஆச்சியிடமும் காட்டலாம். அவர் செய்யக்கூடியது: காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் 10 நிமிடம், நின்றபடி. நேற்று எது சரியாக வரவில்லை என்று முதலில் அவரே தன் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாதவரை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். பாகு இறக்க இரண்டு பேர் சம்மதம், அதில் ஒருவர் பேக்கிங் ஆளாக இருக்கட்டும். யாருக்கும் 'நிறுத்துங்க' என்று சொல்ல உரிமை; நிறுத்தியது வீணானாலும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது. பொதுவாக இரண்டு வாரத்தில் இது கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததுதான்: 10 நிமிடம் அரைமணி வசையாக மாறும், யாராவது அபராதம் போடுவார்கள், அன்றிலிருந்து எல்லோரும் 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் குறை சொல்வது அதைவிட மோசம்.

பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரையும் சமாதானம் பேச உட்காரவைக்காதீர்கள். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு குழுவாக்கிப் போட்டியில் மோதவிட்டார். பிறகு ஒன்றாகச் சாப்பிடவைத்தார், படம் பார்க்கவைத்தார். சாப்பாட்டை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். தண்ணீர் வரத்து நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டி வந்தபோது, ஓடாத லாரியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தபோதுதான், அதுவும் ஒரே நாளில் அல்ல, கோபம் தணிந்தது. ஆச்சியின் வேன் அந்தப் படம் பார்த்தல் போன்றது. முன் சீட்டில் ஒரு கூட்டம், பின் சீட்டில் ஒரு கூட்டம், பிள்ளையார்பட்டி வரை அதே முறைதான் ஓடும். அடுத்த பெரிய ஆர்டருக்கு முறை பார்க்காமல் நான்கைந்து பேராக 3 குழு பிரித்து, பிசைவது முதல் டப்பா மூடுவது வரை ஒரு குழுவே செய்யட்டும். கணக்கு வேலை போக, நீங்களும் ஒன்றில் ஆள். ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் குழு எண்ணும். குழுக்களைப் போட்டியாக்கிப் பரிசு வைக்க வேண்டாம். வேன் அதற்குப் பிறகு.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒன்று. 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, குழு சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். தலைவலிக்குப் பொது மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள், எல்லாவற்றையும் மனசின்மேல் போடக் கூடாது.

வேன் கிளம்பும் நாளுக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பேச்சு வரும்போது நீங்கள் அங்கே, இரண்டாங்கட்டில், இருங்கள். 14 பேருக்கும் எலுமிச்சைச் சாதம் என் பொறுப்பு என்று சொல்லுங்கள். தொட்டுக்கொள்ள எதுவும் செய்துகொண்டு போகாதீர்கள். 'துவையல் யாரு மதினி கொண்டாறது?' என்று கேளுங்கள்.