எழுத்தெல்லாம் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியாது

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். நூறு வரை எண் சொல்வான், எழுத்துகளை எல்லாம் காட்டுவான். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துப் போய் பாட்டில் மேல் வைப்பான். கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். 'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் போகிறோம். "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்" என்கிறார் மாமியார். அடுத்த ஆண்டு மழலையர் பள்ளி. அதற்குள் சரியாகிவிடுவானா? என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பதில்: ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. இரண்டு வயதில் "அம்மா வா" என்பது போல இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு வயதுக்குள் பெயருக்குத் திரும்ப வேண்டும். அதனால் இது காத்திருந்து பார்க்கும் கட்டம் இல்லை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், "டாக்டர் சொல்லிவிட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது: காது கேட்கும் திறனைப் பரிசோதித்தீர்களா? சத்தத்துக்கு அழுகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது என்று நினைப்பீர்கள். பெரிய சத்தம் கேட்கும், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது என்ற நிலையும் உண்டு. நடுக்காதில் நீர் தேங்கினாலும் கேட்பது மந்தமாகும். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடிய பெரா (BERA) என்ற காது கேட்கும் திறன் பரிசோதனை இருக்கிறது. முதலில் அதை முடியுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தால், இது ஆட்டிசமா (பேசுவதும் பிறருடன் பழகுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) என்ற கேள்வி வரும். அதை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ சொல்லாது. நானும் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள வளர்ச்சி மருத்துவர், பையன் விளையாடுவதைப் பார்த்து, உங்களிடம் விரிவாகக் கேட்டுத்தான் சொல்வார். பல குழந்தைகளிடம் இரண்டு வயதிலேயே உறுதிசெய்ய முடிகிறது, எனவே அந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இதற்கு என்ன பெயர் என்று தெரியும்வரை பயிற்சி காத்திருக்கத் தேவையில்லை.

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது? எண்ணும் எழுத்தும் இப்போதைக்குப் போதும். அவனுக்கு அது பிடித்த விளையாட்டு, பிடுங்க வேண்டாம். நீங்கள் மேலும் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். வகுப்பறையில் முதல் வாரம் அவனுக்கு உதவப்போவது நூறு வரை எண்ணுவது அல்ல. தண்ணீர், டாய்லெட், வலிக்கிறது, போதும், உதவி — இந்த ஐந்தையும் ஏதாவது ஒரு வழியில் தெரிவிப்பதுதான். சொல்லாகவோ, சைகையாகவோ, படத்தைக் காட்டியோ, எதுவானாலும் சரி. படம் காட்டப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை.

அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். அடுத்த முறை அவன் உங்கள் கையை இழுத்தால், கூடவே போங்கள், உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, பாட்டிலை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "தண்ணி" என்று ஒரே சொல் சொல்லுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து என்பது ரொம்ப நீளமாகத் தெரியும், மூன்றிலேயே வாய் திறந்துவிடத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்தாலோ, விரல் நீட்டினாலோ, "த" என்றாலோ, அந்த நொடியே கொடுங்கள். முழுச் சொல்லும் வந்தால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் தண்ணீர் குடிப்பதே ஒரு போராட்டமாகிவிடும். டம்ளரில் கொஞ்சமாக ஊற்றுங்கள், இன்னொரு தரம் கேட்க வாய்ப்பு கிடைக்கும். ஊஞ்சலை நடுவில் நிறுத்திப் பிடித்து இதையே செய்யலாம், செருப்பு மாட்டும்போதும் செய்யலாம். "இது என்ன? அது என்ன கலர்?" என்று நாள் முழுக்கக் கேட்பதை மட்டும் நிறுத்துங்கள், அது பரீட்சை.

பயிற்சி மையத்தில் அவன் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறான். மீதி விழித்திருக்கும் எண்பது மணி நேரத்துக்கு மேல் வீட்டில். அதனால் பயிற்சியாளரிடம், நானும் உள்ளே உட்கார வேண்டும் என்று கேளுங்கள். கதவுக்கு வெளியே உட்கார வைக்கும் இடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

போன்? ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. போன் பார்த்ததால்தான் இப்படி ஆனான் என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் போன் பத்து எண்ணிக் காத்திருக்காது, அவன் கேட்காமலே அடுத்ததைப் போட்டுவிடும்.

சத்தத்துக்கு அழும்போது அறிவுரை வேண்டாம், அந்த நேரத்தில் அவன் காதில் எதுவும் ஏறாது. இடத்தை விட்டு வெளியே கூட்டிப் போங்கள். காதை மூடும் ஹெட்போன் பலருக்கு உதவுகிறது. குணமாக்கிவிடுகிறோம் என்று ஸ்டெம் செல், ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து உலோகத்தை நீக்கும் மருந்து என்று யாராவது விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பலன் நிரூபிக்கப்படவில்லை, கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள், ஆட்டிசத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

பள்ளிக்குள் 'சரியாகிவிடுவானா' என்றால், முன்னேறுவான், எவ்வளவு என்று இந்த வயதில் யாராலும் அளந்து சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண மழலையர் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைச் சேரும் நேரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சாதாரணப் பள்ளி என்றால், குழந்தைகள் இல்லாத நேரத்தில் வகுப்பறையை ஓரிரு முறை காட்டுங்கள். அவன் எப்படிக் கேட்பான், எதற்கு அழுவான், எப்படி அமைதியாவான் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். முதல் வாரங்களில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும் என்று ஒத்துக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். "முதலில் நன்றாகப் பேசட்டும், அப்புறம் வாருங்கள்" என்று சொன்னால் வேறு பள்ளி பாருங்கள்.

இதற்கிடையில், இருந்த சொற்கள் மறைந்தாலோ, திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றாலோ, அடுத்த சந்திப்பு வரை தள்ளிப் போடாமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.