ரோமானிய நாடக அரங்குகள்: கேட்டவையும் சொன்னவையும்

கல்லூரி மாணவி: கிரேக்க அரங்குக்கும் ரோமானிய அரங்குக்கும் என்ன வித்தியாசம்?

கிரேக்கர்கள் பெரும்பாலும் மலைச்சரிவைத் தேடிப்போய் அதில் படிகளை அமைத்தார்கள். ரோமானியர்களிடம் கான்கிரீட்டும் வளைவும் இருந்ததால், சமதரையிலேயே சரிவை எழுப்ப முடிந்தது. ரோமின் மார்செல்லஸ் அரங்கு அப்படித்தான் நிற்கிறது. கூட்டம் ஏறி இறங்கியது படிகளுக்கு அடியிலுள்ள வளைவு வழிகளில். நடுவிலிருந்த வட்டக்களம் அரைவட்டமாகி, அங்கே செனட்டர்கள் அமர்ந்தார்கள். அவர்களுக்கு நடிகர்களின் அசைவு தெரிய வேண்டுமே என்றுதான், மேடை 5 அடிக்கு மேல் கூடாது என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அப்புறம் மேடையின் அந்தப் பின்சுவர்! பிரான்சின் ஒராஞ்சில் அது 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். உள்ளே உட்கார்ந்தால் வெளியுலகமே தெரியாது.

பயணப் பிரியர்: கொலோசியத்தில் என்ன நாடகம் போட்டார்கள்?

கொலோசியம் நாடக அரங்கு இல்லை. அது ஆம்பிதியேட்டர்: நீள்வட்டம், சுற்றிலும் இருக்கை, கிளாடியேட்டர் சண்டை. நாடக அரங்கு அரைவட்டம். தயவுசெய்து குழப்பாதீர்கள்.

இன்னொருவர்: வெயிலுக்கு?

துணிப்பந்தல். அதன் கம்பங்களைத் தாங்கிய கற்கள் ஒராஞ் சுவரின் உச்சியில் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

வரலாற்று ஆசிரியர்: ரோமில் பொ.ஆ.மு. 55 வரை நிரந்தரக் கல் அரங்கு இல்லையாமே, ஏன்?

செனட் விடவில்லை. ஒருமுறை கட்டத் தொடங்கியதையே ஸ்கிப்பியோ நாசிகா என்ற அரசியல்வாதியின் பேச்சைக் கேட்டு இடித்தார்கள். விழாவுக்கு மர அரங்கு போட்டு, முடிந்ததும் பிரிப்பார்கள். தளபதி பாம்பி, படிகளின் உச்சியில் வீனஸ் கோவிலை வைத்து, தான் கட்டியது கோவில், படிகள் அதற்குக் கீழே வந்தவை என்று சமாளித்ததாகப் பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்டுல்லியன் எழுதுகிறார். கெட்டிக்காரர்.

சவுண்ட் இன்ஜினியர்: இருக்கைகளுக்கு இடையே வெண்கலக் கலங்கள் வைத்து ஒலியைப் பெருக்கினார்களே, அதைச் சொல்லவில்லையே?

விட்ருவியஸ் சொல்கிறார்: மாடங்களில் சுருதி சேர்த்த கலங்கள். ஆனால் ரோமில் அப்படி ஓர் அரங்கையும் காட்ட முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

சவுண்ட் இன்ஜினியர்: மர அரங்கில் பலகையே அதிரும், கலம் வேண்டாம் என்கிறாரே!

சரி, பலகை அதிரும். ஆனால் பாம்பியின் கல் அரங்கு அவர் காலத்தில் ரோமிலேயே இருந்தது. அதில் ஏன் கலம் இல்லை?

சவுண்ட் இன்ஜினியர்: செலவாக இருக்கலாம். இயற்பியல்படி வேலை செய்யும்.

ஒத்திசையும், மறுக்கவில்லை. ஆனால் கலம் புதிதாக ஆற்றலை உண்டாக்காது. வாங்கியதைத்தான், அதுவும் தன் சுருதியில் மட்டும், திருப்பித் தரும். ஒலிபெருக்கி என்று சொல்லாதீர்கள். குரலைக் கொண்டுபோனது பின்சுவரும், மேடைமேல் இருந்த மரக்கூரையும், செங்குத்தான படிகளும் என்பதே என் கட்சி.

புதியவர்: கொலோசியத்தில் எத்தனை கலங்கள்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

வேறொருவர்: எபிடாரஸில் காசு விழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்குமா?

அது கிரேக்க அரங்கு. இங்கே வேண்டாம்.

சவுண்ட் இன்ஜினியர்: அங்கே கலம் இல்லாமலே கேட்கிறது என்றால், உங்கள் பின்சுவரும் கூரையும் எதற்கு?

நல்ல கேள்வி. கல் படிகளே பெரும் வேலை செய்கின்றன என்பதை ஏற்கிறேன். கலங்களை மட்டும் ஏற்கமாட்டேன்.