கேள்வி உங்களுடையது

கேள்வி: 'கரித்தாஸ்' உதவி கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தானா? (வேலணை வாசகி)

பதில்: இல்லை, மதம் பார்ப்பது அவர்கள் கொள்கையிலேயே கிடையாது. கரித்தாஸ் என்றால் லத்தீனில் அன்பு. 1897இல் ஜெர்மனியில் தொடங்கிய கத்தோலிக்கச் சேவை. இலங்கைக்கு 1968இல் செடெக் என்ற பெயரில் வந்தது. யாழ்ப்பாணத்தில் கியூடெக் என்பார்கள்.

சரி, என் பெரியம்மா கதைக்கு வருகிறேன். நெடுந்தீவுக்காரி, திருநீறு பூசாமல் வாசல் தாண்டமாட்டார். அங்கே கிணறுகள் பலவும் உவர். முழங்கால் வலியில் அவர் முடங்கியபோது, பங்குத் தந்தை அனுப்பிய கரித்தாஸ் பொடியன்கள்தான் குடிதண்ணீர் சுமந்தார்கள். மருந்து குறிகட்டுவானில் இருந்து படகில் வந்தது.

"செபம் சொல்லச் சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"எங்கையடா! தேத்தண்ணிகூடக் குடியாமல் ஓடிட்டாங்கள்" என்றார், கோபமாக.