ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். மூன்று வயதிலிருந்தே ஆஸ்துமா. கொரோனாவால் மூடியிருந்த பள்ளி ஜூன் 2ஆம் தேதி திறந்ததிலிருந்து ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீட்டிலிருந்தபடி படிப்பு என்று ஓடுகிறது. 29ஆம் தேதி முதல் தினமும் போகவேண்டும் என்கிறார்கள். எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு. "ஒரு வருசம் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடிமுழுகியா போய்விடும்?" என்கிறார். மகனை அனுப்பலாமா? அவனால் மாமியாருக்குக் கிருமி வந்துவிடுமோ?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர் (ஜூன் 2020)

பதில்: அனுப்பலாம் அம்மா, யோசித்துத்தான் சொல்கிறேன். உங்கள் மாமியாரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கொவிட்-19 பிள்ளைகளைப் பெரும்பாலும் லேசாகத்தான் தாக்குகிறது. ஆஸ்துமா இருக்கிறது என்பதற்காக மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. என் கவலை எல்லாம் கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவைப் பற்றித்தான். ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாரும் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கியதும் பிள்ளைகளுக்குள் சளி, இருமல் பரவுவது குறைந்துவிட்டது. "இரண்டு மாதமாக இழுப்பே இல்லை டாக்டர், அதனால் மருந்தை நிறுத்திவிட்டோம்" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். வகுப்பு கூடியதும் சாதாரணச் சளியும் திரும்பி வரும், அதுவே இழுப்பைக் கிளப்பப் போதும். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தியிருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே மறுபடி தொடங்குங்கள். அது முழுப் பலன் தர வாரக்கணக்கில் ஆகும். 29ஆம் தேதி காலையில் இரண்டு தடவை அழுத்திவிட்டு அனுப்பினால் போதாது.

எப்படி எடுக்கிறான் என்பதையும் பாருங்கள். சென்ற வாரம் ஓர் எட்டு வயதுப் பையனை, "எனக்குச் செய்து காட்டு" என்றேன். இழுப்பு வரும்போது எடுக்கும் நீல இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினான். பாதி மருந்து உதட்டோரமாக வெண்புகையாக வெளியே போனது, மீதி நாக்கில் பட்டு முகத்தைச் சுளித்தான். நுரையீரலுக்கு எவ்வளவு போயிருக்கும்? ஸ்பேசர், அதாவது இன்ஹேலரைப் பொருத்தி மூச்சிழுக்கும் குழல், இல்லாமல் கொடுக்காதீர்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, உதட்டால் இறுக மூடச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடட்டும். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது பொறுத்திருங்கள். தடுப்பு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகையாக்கிக் கொடுக்கும் கருவி) இருந்தால் இப்போதைக்கு எடுக்கவேண்டாம், அது கிருமித் துளிகளைக் காற்றில் பரப்பக்கூடும். நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் எப்போதும் பள்ளிப் பையில் இருக்கட்டும். எந்த நேரத்தில் கொடுக்கவேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்களா? கொரோனா வந்ததிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்துக் காலையும் மாலையும் புகை போடும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் புகை கிருமியை விரட்டாது, உங்கள் மகனின் மூச்சுக்குழாயைத்தான் சுருக்கும். கைப்பிடி, மேசை என்று வீடு முழுக்கக் கிருமிநாசினி தெளித்தாலும் அவன் மூச்சுக்குழாய் சுருங்கலாம். சோப்புநீரில் நனைத்த துணி போதும். பிள்ளையைக் கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வைப்பதையும் விட்டுவிடுங்கள், பாத்திரம் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும்.

முகக்கவசத்தால் மூச்சு முட்டுமோ என்று பலர் கேட்கிறார்கள். அளவான துணிக் கவசத்தால் ஆக்சிஜன் குறையாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது கஷ்டமாக இருந்தால், முகத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் முகத்தடுப்பு போட்டுக்கொள்ள இந்த 2020ஆம் ஆண்டு விதிப்படி அனுமதி உண்டு. இழுப்பு வந்தால் மட்டும் உடனே கழற்றிவிட்டு மருந்து எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். வியர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பையில் வையுங்கள். நம் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் பெரும்பாலும் சன்னல் திறந்திருக்கும், மின்விசிறி ஓடும். காற்றோட்டம் நமக்குப் பெரிய துணை. கவசத்தைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு பேசிக்கொண்டே சாப்பிடும் இடைவேளையில்தான் கவனம் தேவை. சாப்பிடும் முன்னும் பின்னும் கை கழுவ, தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் பகிராமல் இருக்க, வீட்டிலேயே பழக்குங்கள்.

உடம்பு சரியில்லாத நாள் வரும்போதுதான் எல்லாப் பெற்றோருக்கும் சோதனை. காலையில் லேசாகச் சூடு, வேலைக்கு விடுப்பு கிடைக்காது, ஒரு பனடால் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மனம் சொல்லும். அந்த நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனால் மருந்து காய்ச்சலைச் சில மணி நேரம் மறைக்குமே தவிர, கிருமியை மறைக்காது. பள்ளியில் எத்தனை முறை வெப்பநிலை பார்த்தாலும் அப்போது பயனில்லை. வீட்டில் பெரியவர் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் இருந்தாலும் பிள்ளையை அனுப்பக்கூடாது, அது இந்த 2020ஆம் ஆண்டு விதி. சுவாசத் தொற்றுக்கான சிறப்பு மருந்தகங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இந்த 2020ஆம் ஆண்டில் 10 வெள்ளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இப்போதைக்கு ஐந்து நாள் மருத்துவ விடுப்பும் தருவார்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீல இன்ஹேலரைக் கொடுத்தபடியே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

சரி, இனி உங்கள் மாமியார். பேரன் பள்ளிக்குப் போகாமல் இருப்பதால் மட்டும் அவருக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் பெரியவர்களாலும் கிருமி வீட்டுக்குள் வரலாம். வீடு திரும்பும் யாராக இருந்தாலும், கை கழுவி, குளித்து, உடை மாற்றிய பிறகே அவர் பக்கத்தில் போகட்டும். பேரனுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடும் பழக்கம் இருந்தால் இந்தச் சில மாதங்களுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். பையனுக்குச் சளி பிடித்தால் தூங்குவது வேறு அறையில். மாமியார் பயத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பலதுறை மருந்தகத்துக்குப் போகாமல் இருக்கிறாரா என்று கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், தொற்று வந்தாலும் உடம்பு தாங்கும் வாய்ப்பு அதிகம்.

இருவரும் இந்த ஆண்டு சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? அவருக்கு வயதாலும் சர்க்கரையாலும், அவனுக்கு ஆஸ்துமாவாலும் அது தேவை. ஊசி போட்டபின் பாதுகாப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் 29ஆம் தேதிவரை காத்திருக்காமல், இந்த வாரமே பாட்டியையும் பேரனையும் சேர்த்து அழைத்துப் போங்கள்.