புக்சோனில் ஹான்போக்

அன்புள்ள அக்கா,

அக்டோபர் முதல் வாரம் நானும் கணவரும் சியோல் போகிறோம், மகள் அங்கே படிக்கிறாள். ஹானோக் என்ற மரபுக் கொரிய வீடுகள் நிறைந்த புக்சோன் ஹானோக் கிராமத்தில், ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை உடுத்திப் படம் எடுத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆசை. “நம்ம உடை இல்லையே, வேஷம் கட்டின மாதிரி இருக்கும்” என்கிறார் அவர். நீங்கள் போய்வந்தவர். உடுத்தலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

தாராளமாக உடுத்துங்கள். ஹான்போக் அணிந்து வருகிறவர்களுக்கு கியோங்போக்குங், சாங்தொக்குங் அரண்மனைகளில் நுழைவுக் கட்டணமே கிடையாது. கொரிய இளைஞர்களும் வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டுதான் அங்கே சுற்றுகிறார்கள். உங்கள் கணவர் சங்கடப்பட வேண்டியதில்லை.

கடையில் மட்டும் அவசரப்படாதீர்கள். முதலில் கண்ணில் படுவது சரிகைப் பூ அச்சும், உள்ளே வளையம் வைத்து உப்பிய பாவாடையும், முதுகில் கட்டும் பெரிய ரிப்பனுமாக இருக்கும். அவை படத்துக்காகவே தைத்தவை. இதெல்லாம் ஹான்போக்தானா என்று 2018-இல் சியோலில் பெரிய விவாதமே நடந்தது. பழைய முறைப்படி தைத்தது வேண்டும் என்று கேளுங்கள். மேலே ஜொகோரி என்ற குட்டைச் சட்டை, மார்புக்கு மேல் கட்டும் சிமா என்ற நீண்ட பாவாடை. சட்டையை முன்பக்கம் கொரும் என்ற இரண்டு நாடாக்களால் முடிய வேண்டும். ஷூ லேஸ் போல இரண்டு காது வராது, ஒற்றைக் காதுதான். மீதி நாடா நீளமாகத் தொங்கும். எனக்கு முடிந்துவிட்ட கடைக்கார அம்மா, நான் தப்பாகக் கட்டியதை இரண்டு முறை அவிழ்த்து மறுபடி கட்டவைத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் என் கூச்சம் போய்விட்டது. எப்படிக் கட்டுவது என்று கையால் தெரிந்துகொண்ட பிறகு வேஷம் என்ற எண்ணமே வரவில்லை. உங்கள் கணவரையும் கடைக்குள் அழைத்துப்போங்கள்.

அப்புறம் புக்சோன். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு அரண்மனைகளுக்கும் நடுவே, மேட்டுச் சந்துகளில் ஓட்டுக்கூரை வீடுகள் வரிசையாக நிற்கும். அறுநூறு வருடப் பழைய வீடுகள் என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். உயர்குடியினர் அங்கே வாழ்ந்த காலம் பழையது, இப்போது நாம் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலானவை 1920, 30-களில் கட்டியவை. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, நகரின் தெற்கே குடியிருந்த ஜப்பானியர்கள் வடக்கு நோக்கிப் பரவிய காலம் அது. ஜொங் செ-க்வொன் என்ற கட்டுநர் பெரிய மனைகளை வாங்கி, சிறு சிறு மனைகளாகப் பிரித்து, முற்றம் வைத்த சின்ன ஹானோக்குகளாகக் கட்டி விற்றார். கொரியர்கள் தங்கள் ஊரிலேயே தங்கள் மாதிரி வீட்டில் இருக்க முடிந்தது. கொரிய மொழி அகராதிக்காக உழைத்த மொழிச் சங்கத்துக்கு அவர் ஒரு கட்டடமும் கொடுத்தார். 1942-இல் அந்தச் சங்கத்து அறிஞர்களை ஜப்பானிய போலீஸ் கைது செய்தது, அகராதிக் கையெழுத்துப் படிகளும் பறிபோயின. விடுதலைக்குப் பிறகு, 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையக் கிடங்கில் அவை கிடைத்தன. 1947-இல் முதல் தொகுதி வெளிவந்தது. இதைப் படித்த பிறகு அந்தச் சந்துகளை வெறும் படப் பின்னணியாக என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. நான் போன அன்று ஒரு பெரியவர் குப்பைப் பையோடு கதவைத் திறந்தார். வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் நகரவே இல்லை. அவர் பையோடு காத்து நின்றார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், இப்போதும் அது உறுத்துகிறது. இந்த மாதிரித் தொல்லையால்தான் நெரிசலான சந்துகளில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் சுற்றுலாப் பயணிகளை விடுகிறார்கள். மற்ற நேரத்தில் நுழைந்தால் ஒரு லட்சம் வொன் அபராதம் என்று 2025 மார்ச்சில் கொண்டுவந்தார்கள்.

அதனால் காலையில் ஹான்போக் உடுத்தி கியோங்போக்குங் போங்கள் (செவ்வாய்க்கிழமை விடுமுறை). வேண்டிய மட்டும் படம் எடுங்கள். புக்சோனுக்கு மதியத்துக்கு மேல் நடந்து போகலாம், உடையோடு போனாலும் தப்பில்லை. யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு போனால் போதும். அக்டோபர் 9 ஹங்குல் நாள், அவர்களுடைய எழுத்துக்கான அரசு விடுமுறை. அதுவரை அங்கே இருப்பீர்களென்றால் மகளிடம் அந்த அகராதிக் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா