கேளுங்க அண்ணாச்சி: முதலில் பிரேக், அப்புறம்தான் பவர்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். செகண்ட் ஹேண்டில் 2011 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்று வாங்கியிருக்கிறேன். கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, போக ஆசை. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டரில் பவரைக் கூட்டுகிற ரீமேப் போட்டு எக்ஸாஸ்ட் மாற்றினால் போதும் என்று பசங்க சொல்கிறார்கள். சரிதானா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பசங்க பேச்சைக் கேட்காதீங்க தம்பி. அந்த வண்டியில் கம்பெனி கொடுத்த பவரே கரி டிராக்குக்குத் தாராளம். ஒரு சுற்றே 2.1 கிலோமீட்டர்தான், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்த சந்தோஷம் தீர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பவரைக் கூட்டினால் அதே வளைவுக்கு இன்னும் வேகமாகப் போய்ச் சேர்வீர்கள், ஆனால் நிறுத்தப்போவது அதே பழைய பிரேக்.

அதனால் முதல் செலவு பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தைச் சன்னஞ்சன்னமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. புளியரை எஸ் வளைவில் லோடு லாரி இறங்கும்போது ஒரு கருகல் வாடை வரும் இல்லையா, டிராக்கில் நாலைந்து சுற்று விரட்டினால் உங்கள் காரிலும் அதே வாடைதான். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி சேரும், ஆவி அமுங்கிக்கொடுக்கும், மிதித்த கால் தரை வரை போகும், வண்டி மட்டும் நிற்காது. போவதற்கு முந்தின வாரம், சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து புது ஆயில் ஊற்றி, நாலு வீல் பிரேக் லைனிலும் சிக்கியிருக்கிற ஏரை எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரேஸுக்கென்றே விற்கும் பேடு வேண்டாம், அது சூடேறாமல் பிடிக்காது, நீங்களோ அதே வண்டியில்தான் திருநெல்வேலிக்குத் திரும்பி வர வேண்டும். ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவாக வருகிற ரகம் போதும்.

அடுத்து டயர். இந்த மாடல், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயரோடு வந்த வண்டி, ஸ்டெப்னி கிடையாது. பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், 2316 என்று போட்டிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழசு என்றால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் டிராக்குக்கு ஆகாது. நாலு டயரும் மாற்றினால் உங்கள் லட்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும், போகட்டும். ஓட ஓடக் காற்றழுத்தம் ஏறும், அதனால் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே பாருங்கள், ஏறியிருப்பதைக் கொஞ்சம் இறக்குங்கள். வீல் போல்ட்டையும், எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளக்கிற டார்க் ரெஞ்சு வைத்துச் சரிபார்க்க வேண்டும், வெறும் ஸ்பேனரால் ஏறி மிதித்து முறுக்குவது கணக்கில் சேராது. இன்ஜின் ஆயில் பார்க்க இதில் டிப்ஸ்டிக் இல்லை, இன்ஜின் சூடானதும் சமதளத்தில் நிறுத்தி டேஷ்போர்டில்தான் பார்க்க வேண்டும். அளவு மேல்கோட்டுப் பக்கம் இருக்கட்டும், ஏனென்றால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதற்காக அளவுக்கு மேலும் ஊற்றாதீர்கள்.

மிச்சப் பணத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தருகிற ஆளுக்குக் கொடுங்கள். எந்த எக்ஸாஸ்டும் அந்த அளவுக்கு உங்களை வேகமாக்காது. ராத்திரி முழுக்க ஓட்டிப் போய்க் காலையில் டிராக்கில் இறங்குகிற வேலையும் வேண்டாம், முந்தின நாளே போய் நன்றாகத் தூங்குங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு அப்புறம் திரும்புங்கள், கண் பானெட்டில் இருக்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். இது பின்சக்கரம் இழுக்கிற வண்டி, வளைவுக்கு நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வீசிவிடும், அதனால் வண்டி வழுக்காமல் பிடித்துக்கொள்கிற டிஎஸ்சியை அணைக்கும் பட்டன் பக்கமே கை போக வேண்டாம். கொடிகளை முன்னாடியே படித்துவிடுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள், நிறுத்தின பிறகு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம், சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்தால் போதும்.

கேள்வி: அண்ணாச்சி, டிராக்குக்குப் போவதற்கு முன் நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் விடியற்காலை கொஞ்சம் பழகிப் பார்க்கலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் பொது இடத்தில் ரேஸ், வேகச் சோதனை இரண்டும் குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டம் கிடக்கட்டும், எதிர்த்திசையில் லைட் போடாமல் வருகிற டிராக்டரும், மீடியன் இடைவெளியில் குறுக்கே பாய்கிற ஆடும் உங்களுக்குத் தெரியாததா? பணகுடி தாண்டினால் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, ஆனி ஆடியில் வண்டியையே பக்கவாட்டில் தள்ளும். பழகத்தான் வேண்டும் என்றால் வீட்டு வாசலிலேயே சீட்டைச் சரிசெய்து பழகுங்கள். முதுகு சீட்டை விட்டு எழாமல், நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பாதிப் பேர் படுத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். என் மகன் ரேஸ் டிராக்குக்குக் கார் கொண்டுபோகிறேன் என்கிறான். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் வருமா? பைக் ஹெல்மெட்டே போதும் என்கிறான்.
– வாசகி, தென்காசி

பதில்: வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நம் நாட்டு வழக்கமான வாகன பாலிசியில் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று போட்டிருக்கும். ‘இது ரேஸ் இல்லை, டிராக் டேதான்’ என்று நடத்துகிறவர்கள் சொல்லலாம், கிளெய்ம் போடும்போது கம்பெனி அதை ஒத்துக்கொள்ள வேண்டுமே. மருத்துவ பாலிசி பற்றியும் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை ஸ்னெல் என்கிற ஹெல்மெட் சோதனை அமைப்பின் எம் முத்திரை பைக்குக்கு, எஸ்ஏ முத்திரை கார் பந்தயத்துக்கு, அதில்தான் தீச் சோதனையும் உண்டு. எது வேண்டும் என்று நடத்துகிறவர்களிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். மற்றபடி எதிரே வண்டி வராத, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிற இடத்தில் ஓட்டுகிறான், பைபாஸில் விரட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

கேள்வி: டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும் எடுக்க வேண்டுமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: எடுத்துத்தான் ஆக வேண்டும். டபுள் சைடு டேப் அந்தச் சூட்டுக்கும் உலுக்கலுக்கும் தாங்காது. தண்ணீர் பாட்டில், கால் மிதி, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, எல்லாமே வெளியே. சக்கரத்தடியில் வைத்தது போக மிச்சமிருக்கும் எலுமிச்சம்பழத்தையும் உள்ளே போட்டு வைக்காதீங்க, உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும்.