மனாங்கில் ஒரு நாள் நிற்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி வரும் அன்னபூர்ணா சர்க்யூட் பாதையில் நடக்கப் போகிறேன். தினமும் ஓடுகிறவன், உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது. கைடு கொடுத்த திட்டத்தில், வழியில் வரும் மனாங் என்ற ஊரில் ஒரு நாள் ஓய்வு என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆபீசில் ஒரு நாள் லீவு மிச்சமாகுமே?

பதில்:

திட்டத்தில் வேறு எந்த நாளை வேண்டுமானாலும் எடுங்கள், இதை மட்டும் எடுக்காதீர்கள்.

கால் வலிக்கவில்லையே, அப்புறம் எதற்கு ஓய்வு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மனாங்கில் நிற்பது காலுக்காக இல்லை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். சர்க்யூட்டில் வழியில் தங்கும் சாமே என்ற ஊரே ஏறக்குறைய அந்த உயரம். மனாங் 3,540 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நீங்கள் தாண்ட வேண்டிய தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். அங்கே பாதிதான் கிடைக்கும்.

உயரம் போகப் போக உடம்பு தானாகவே வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறும். உடனே மூளை மூச்சை மட்டுப்படுத்தச் சொல்லும். ஆக்சிஜன் போதாது என்று ஒரு பக்கமும், மெதுவாக மூச்சு விடு என்று இன்னொரு பக்கமும் இழுக்கும். இரவில் மூச்சு சில நொடிகள் நின்று, திடுக்கென்று விழித்துக்கொள்வது இதனால்தான். சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றினால்தான் மூச்சு தடையில்லாமல் போகும். அதற்கு ஓரிரு நாள் ஆகும், நீங்கள் அவசரப்படுத்தினாலும் ஆகாது. அங்கே போனால் அடிக்கடி சிறுநீர் வரும். குளிரில் எழுந்து போவது எரிச்சல்தான், ஆனால் அது நல்ல அறிகுறி.

தினமும் ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறிவிடுவார்கள், அதனாலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. எங்கள் குழுவில், மனாங்குக்கு முன்னால் வரும் மேல் பிசாங் என்ற ஊரில் இரவுச் சாப்பாட்டின்போது இதே விவாதம் நடந்தது. ஒரு நாளைக் குறைக்கலாம் என்று அடம்பிடித்தவர்தான் எங்களில் வேகமானவர். கைடு சிரித்துக்கொண்டே பருப்பும் சோறும் இன்னொரு முறை வாங்கிக்கொண்டார், பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலை மனாங்கில் அந்த நண்பருக்குத்தான் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. நின்றதால் அடுத்த நாள் மதியத்துக்குள் சரியாகிவிட்டது.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மனாங்குக்கு அப்பால் யாக் கர்கா 4,050, அடுத்து தோரோங் ஃபேடி சுமார் 4,500, அதற்கடுத்த நாள் கணவாய். நடுவில் மனாங் அளவுக்கு வசதியாக நிற்க இடம் இல்லை. அதனால்தான் மனாங்.

ஒரு விஷயம். இப்போது சர்க்யூட் தொடங்கும் ஊரான பேசிசஹாரிலிருந்து மனாங் வரை ஜீப் போகிறது. பேசிசஹார் ஆயிரம் மீட்டர்கூட இல்லை. ஜீப்பில் ஒரேயடியாக மேலே போய் இறங்குகிறவர்களுக்கு ஒரு நாள் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதில் சாமேயிலிருந்து நடந்தே போகலாம், வழியும் அழகு.

சரி, அன்று என்ன செய்வது? போர்வைக்குள் கிடக்காதீர்கள். காலையில் ஏறி, பகலில் இறங்கி, கீழே தூங்க வேண்டும். கங்காபூர்ணா ஏரிக்கு மேலே உள்ள மேட்டுக்கு ஏறினால், பனியாறு நேர் எதிரே தெரியும். இரண்டு மூன்று மணி நேர வேலை, அது போதும். ஐஸ் லேக் போகலாம் என்று பலர் கிளப்புவார்கள். அது 4,600 மீட்டர், மனாங்கிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அழகான இடம்தான், ஆனால் அதை ஓய்வில் சேர்க்க முடியாது. கையில் இரண்டாவது நாள் இருந்தால் போங்கள்.

மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாக அடிக்கும். துணி துவைப்பதாக இருந்தால் காலையிலேயே துவைத்துக் காயப்போடுங்கள், தலைக்குக் குளிக்காதீர்கள். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறிய மருத்துவ முகாம் உண்டு. சீசனில் மருத்துவர்களே, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் பற்றிப் பேசுவார்கள், கட்டாயம் போய் உட்காருங்கள். பேக்கரிகள் இருக்கின்றன, ஆப்பிள் பை நன்றாக இருக்கும். மது மட்டும் வேண்டாம்.

அன்று மாலை ஒருவரையொருவர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் இருந்தால் இன்னொரு நாள் அங்கேயே. கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்குங்கள். டயமாக்ஸ் மாத்திரை அந்தச் சிறுநீரக வேலையைத்தான் சற்று விரைவாக்குகிறது. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

வானிலைக்கும் நாள் வேண்டும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம்தான் தோரோங் லா பகுதியில் பெரும் பனிப்புயலாக விழுந்தது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேதியை இறுக்கிக் கட்டிவைத்தால், காத்திருக்க வேண்டிய நாளிலும் கிளம்பத்தான் தோன்றும்.

லீவு உண்மையிலேயே இடித்தால் பின்பாதியில் குறையுங்கள். கணவாய் தாண்டி முக்திநாத் இறங்கியதும் ஜீப் பிடித்து பொக்காரா போய்விடலாம். ஜோம்சோமிலிருந்து விமானமும் உண்டு. ஆனால் காற்று காரணமாகக் காலையில் மட்டும்தான் பறக்கும், அதுவும் அடிக்கடி ரத்தாகும். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

முக்திநாத் என்றதும் இன்னொன்று. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நம் வைணவர்கள் போகும் திவ்யதேசம் அதுதான். நீங்கள் கணவாய் வழியாக இறங்கும்போது அப்பா அம்மாவை பொக்காராவிலிருந்து நேரே அங்கே வரவழைக்கும் யோசனை இருந்தால், அவர்களுக்கும் இதே விதிதான். பொக்காரா சுமார் 800 மீட்டர், முக்திநாத் 3,700க்கு மேல். ஒரே நாளில் ஜீப்பில் ஏற்றாதீர்கள். 2,700 மீட்டர் வாக்கில் இருக்கும் ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கி, காலையில் மேலே போய் தரிசனம் முடித்து, மாலைக்குள் ஜோம்சோமுக்கே திரும்பிவிடச் சொல்லுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடட்டும்.